பொருளின் குறையும் செய்வோன் பொறுப்பும்

பொறியியற் பீடத்து மாணவன் திரவியவியலைப் பயிலத் தொடங்கும்போது எதிர்கொள்ளும் சொற்களுள் மிகவும் விசித்திரமானது 'குறை' என்னும் சொல். பளிங்கு ஒன்றினுள் அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன என்று முதல் விரிவுரையிற் கேட்ட அவன், அடுத்த விரிவுரையில் அவ்வொழுங்கு எங்குமே முழுமையாக இல்லை என்று கேட்கிறான். ஓரிடத்தில் இருக்கவேண்டிய அணு இல்லை. வேறோரிடத்தில் அயலணு ஒன்று புகுந்திருக்கிறது. இன்னோரிடத்தில் அணுக்களின் வரிசையொன்று பாதி வழியில் நின்றுவிடுகிறது. இவையெல்லாம் குறைகள் எனப்படுகின்றன. தனிப்பூச்சியத்திற்கு மேற்பட்ட எந்த வெப்பநிலையிலும் வெற்றிடம் சிறிதுமில்லாத பளிங்கு இருத்தல் இயலாது என்பது வெப்பவியக்கவியலின் முடிபு. எனவே குறையற்ற பொருள் பாடநூலின் படத்தில் மாத்திரமே உள்ளது. இல்லாத ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு உள்ளவை அனைத்தையும் குறையுடையவை என அழைப்பது எவ்வகையில் முறையாகும் என்று எந்த மாணவனாவது கேட்டால், விரிவுரையாளர் அதைச் சொல் பற்றிய வினா என்று ஒதுக்கிவிட்டு அடுத்த சமன்பாட்டுக்குச் செல்வது வழக்கம்.

அவ்வாறு ஒதுக்கத்தக்க வினாவன்று அது. குறை என்பது பொருளில் உள்ளதா, அப்பொருளுக்கு ஒரு பயனை வகுத்தவனுடைய நோக்கத்தில் உள்ளதா என்பதே அதன் உட்கிடை. முதலாவதுதான் உண்மையெனின், குறையால் விளையும் தீங்குக்கு இயற்கையே காரணம், செய்வோன் பொறுப்பாளியல்லன். இரண்டாவது உண்மையெனின், பொருளைத் தெரிந்தெடுத்த கணத்திலேயே அதன் குறைக்கும் அவன் உரிமை பூண்டவனாகிறான். பண்டங்களை உருவாக்கும் பொறியியலாளன் நாள்தோறும் செய்கின்ற தெரிவுகள் இவ்விரண்டில் எதன்மீது நிற்கின்றன என்பதை ஆராய்வதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை.

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்கோடியில், சப்பிரகமுவ மலைகள் படிப்படியாகத் தாழ்ந்து உலர்வலயச் சமவெளியோடு கலக்குமிடத்தில் எம்பிலிப்பிட்டிய அமைந்துள்ளது. வளவை கங்கையின் நீரே அவ்வூரின் உயிர். 1960களில் உடவளவை நீர்த்தேக்கம் கட்டப்பட்ட பின்னர் அதனைச் சூழ்ந்த காடு வயலாயிற்று. வயல் நெல்லையும், நெல்லோடு வைக்கோலையும் தந்தது. ஆற்றின் மேற்பாதையில் பலாங்கொடைப் பகுதி மலைச்சரிவுகளில் பழங்கால இரும்புலைகளின் சிதைவுகள் கிடக்கின்றன. மாவட்டத்தின் மறுபுறத்தில் இரத்தினக் குழிகள். இரும்பு, கல், வைக்கோல் என்னும் இம்மூன்று பொருள்களும் குறையைப் பற்றி மூன்று வெவ்வேறு சான்றுகளைக் கூறுகின்றன.

இரும்பை முதலில் நோக்கலாம். உலோகப் பளிங்கு ஒன்றின் அணுப்பிணைப்புகளிலிருந்து கணித்துப் பெறும் வலிமை, உலோகத்தை இழுத்துப் பார்த்து அளக்கும் வலிமையைக் காட்டிலும் பன்மடங்கு அதிகம். இம்முரண்பாட்டுக்கு விடை 1934 இல் கிடைத்தது. டெயிலர், ஒரோவான், பொலானி ஆகிய மூவரும் தனித்தனியே கூறிய விளக்கத்தின்படி, அணுத்தளங்கள் முழுமையாக ஒருங்கே வழுக்குவதில்லை. பாதியில் நின்றுபோன வரிசைகள் சிறிது சிறிதாக நகர்கின்றன. கம்பளத்தை ஒரே இழுப்பில் நகர்த்துவதிலும் அதில் ஒரு மடிப்பை உண்டாக்கித் தள்ளிச் செல்வது எளிது என்பதைப் போன்றது இது. ஆகவே உலோகம் கணக்கிட்டதைவிட மெலிந்திருப்பது இக்குறையினாலாம். ஆயின், இதே குறையினாற்றான் கொல்லனின் சம்மட்டிக்கு இரும்பு பணிகிறது. அது இல்லையெனில் மண்வெட்டியைத் தட்டி வடித்தல் இயலாது. அடித்த இடத்தில் இரும்பு வளையாமல் உடைந்துபோகும்.

தூய இரும்பு மென்மையானது. அதனுட் காபன் அணுக்கள் சிறிதளவு புகுந்து, நகரும் அவ்வரிசைகளைத் தடுக்கும்போது அது உருக்காகிறது. காபன் 2 சதவீதத்தைக் கடந்தால் வார்ப்பிரும்பின் நொறுங்குமியல்பு வந்துவிடும். 1 சதவீதக் காபன் வாளுக்குக் கூரைத் தருகிறது. கம்பியாக இழுத்து ஆணியாக்க வேண்டிய இரும்பில் அதே 1 சதவீதம் இருப்பின் தொழிற்சாலை அதனை ஏற்காது. அணு மாறவில்லை, அளவும் மாறவில்லை. கேட்கப்பட்ட வேலை மாறிவிட்டது.

சமனல வாவி நீர்மின் திட்டத்திற்காக நிலம் நீரில் அமிழுமுன், அப்பகுதியின் தொல்பொருள்கள் ஆராயப்பட்டன. ஜில் ஜூலெஃப் என்னும் தொல்லியலாளர் அங்கு கண்ட இரும்புலைகள் வழக்கமான துருத்தியுலைகளாக இருக்கவில்லை. மேற்கு நோக்கிய மலைமுகடுகளில், தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் இடங்களில் அவை நீளவாக்கில் அமைக்கப்பட்டிருந்தன. முன்சுவர் ஒவ்வொரு முறையும் களிமண்ணாற் புதிதாகக் கட்டப்பட்டது. அதன் அடியிலே மண்குழாய்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டன. சுவரின் விளிம்பைக் கடந்து காற்று விரையும்போது உண்டாகும் தாழமுக்கம், குழாய்களின் வழியாகக் காற்றை உலைக்குள் இழுத்தது. இயற்கைக் காற்றை நம்பிய உலைகள் திறன் குறைந்தவை என்பதே அதுவரை அறிஞரிடையே நிலவிய கருத்து. ஆனால் அவ்வுலைகளைப் போன்றவற்றை மீளக் கட்டி, பருவக்காற்றுக் காலத்தில் இரும்பை உருக்கிப் பார்த்தபோது காபன் மிகுந்த உருக்கும் அவற்றிலிருந்து கிடைத்தது. 1996 இல் 'நேச்சர்' இதழில் இச்செய்தி வெளியாயிற்று. கி.பி. 7 முதல் 11 ஆம் நூற்றாண்டு வரையான காலத்தை அவ்வுலைகளுக்கு ஆய்வாளர் குறித்தனர். 9 ஆம் நூற்றாண்டில் அரபு அறிஞரான அல்கிந்தி வாள்களைப் பற்றி எழுதிய நூலில் சரந்தீபத்து உருக்கைக் குறிப்பிடுவதும் இங்கு நினைக்கத்தக்கது.

அம்மலைகளில் உழைத்தவர்களுக்குக் காபன் என்னும் பெயர் தெரியாது. உருக்குக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாடு காபனே என்பது ஐரோப்பாவிலும் 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளிவாயிற்று. அதன் பின்னரும் 1819 இல் தென்னிந்திய உருக்கை ஆராய்ந்த மைக்கேல் பரடே, அதன் சிறப்புக்கு அலுமினியத்தைக் காரணமாகக் கருதினார். பெரியோரும் வழுவிய இடம் அது. தமிழகத்திலோ ஆவாரை விறகுத் துண்டுகளை இரும்போடு மண்மூசையில் இட்டு மூடிப் பழுக்கக் காய்ச்சிய கொல்லர், காரணத்தை அறியாமலே காரியத்தைத் தவறாது செய்துவந்தனர். பலாங்கொடைக்கு அண்மையில் அக்கலையின் கடைசிச் சாயலைக் கண்டு எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலைவரலாற்று அறிஞராக உலகறிந்த அவர், இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றிய புவிச்சரிதவியலாளரும் ஆவர். சப்பிரகமுவ ஆற்றுப் படிவுகளிலிருந்து தோரியனைற்று என்னும் கனிப்பொருளை 1904 இல் இனங்கண்டவரும் அவரே. தமிழ்ச் சங்கங்கள் அவருடைய நடராசர் கட்டுரையை நினைக்கும் அளவுக்கு இந்தப் பணியை நினைப்பதில்லை.

இங்கு ஒரு மிகைப்பாட்டைத் தவிர்க்க வேண்டும். பழைய உலைகள் இயற்கையோடு இசைந்தவை என்று புகழ்வது இக்காலத்து வழக்கமாகிவிட்டது. அவை கரியாலே எரிந்தன; கரிக்குக் காடு வேண்டும்; நூற்றாண்டுக் கணக்கில் எரிந்த உலைகள் எத்தனை மரங்களை உண்டன என்பதற்குக் கசட்டுக் குவியல்கள் விடை சொல்வதில்லை. முன்னோரின் சிறப்பு தூய்மையில் இல்லை, கூர்மையான அவதானிப்பிலேயே உள்ளது. நிலையற்றது, கட்டுப்படாதது என்று பிறர் ஒதுக்கிய காற்றை அவர்கள் குறையாகக் கொள்ளாமல், அது எத்திங்களில், எம்முகட்டில், எத்திசையில் நிலைத்து வீசுகிறது என்று பார்த்து உலையை அதற்கேற்ப அமைத்தனர்.

கல்லின் கதை வேறு. நீலமும் மாணிக்கமும் அடிப்படையில் ஒரே பொருள். இரண்டும் அலுமினியமொட்சைட்டின் பளிங்குகள். முற்றிலும் தூயதாயின் அது நிறமற்றிருக்கும். குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்து கலந்தால் நீலம். அதுவும் 1 சதவீதத்தில் நூற்றிற் சில பங்கு தைத்தேனியமே நீலத்துக்குப் போதும். இரசாயனவியலாளன் மாசு என்பதை வணிகன் இரத்தினம் என்கிறான். இரத்தினபுரிக் குழிகளில் 'இல்லம்' எனப்படும் சரளையை அரித்தெடுக்கையில் பாலைப் போல மங்கிய கற்களும் கிடைப்பதுண்டு. 'கெவுடா' எனப்பட்ட இவற்றுக்கு ஒரு காலத்தில் மதிப்பில்லை; எறியப்பட்டன, அல்லது மிகச் சிறு விலைக்குப் போயின. 1970களில் தாய்லாந்து வணிகர் இவற்றை வாங்கிச் சென்றனர். மங்கலுக்குக் காரணம் கல்லினுள் நுண்ணூசிகளாகப் பிரிந்து கிடந்த தைத்தேனியமொட்சைட்டே. 1,500 பாகை செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில், ஒட்சிசன் குறைந்த சூழலில் காய்ச்சும்போது அவ்வூசிகள் கரைந்து, தைத்தேனியம் பளிங்குச் சாலகத்துள் இரும்பின் அருகே சென்றமர்கிறது, கல் நீலமாகிறது. இலங்கையரும் ஊதுகுழலால் மாணிக்கத்தைச் சூடாக்கி நிறந்திருத்தும் முறையை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். ஆனால் இவ்வளவு உயர்ந்த வெப்பத்தை எட்டும் உலை அவர்களிடம் இருக்கவில்லை.

இங்குக் குறையென்று கருதப்பட்டதே குணத்தின் வித்தாக இருந்தது. அதனை அறிந்தவன் அறியாதவனிடம் வாங்கினான். அவ்வாணிபம் நேர்மையானதா? சிசரோ தமது 'கடமைகள்' என்னும் நூலில் இதன் மறுபக்கத்தை ஆராய்கிறார். பஞ்சத்தில் வாடும் ரோட்சுத் தீவுக்கு ஒரு வணிகன் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் மேலும் பல கப்பல்கள் வருகின்றன என்பது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. அதை அவன் சொல்லவேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும் என்கிறார் தயோசினிசு என்னும் அறிஞர்; தனக்குத் தெரிந்த அனைத்தையும் சொல்லவேண்டும் என்கிறார் அந்திப்பாத்தர். சிசரோ பின்னவரையே சார்கிறார். கெவுடா வாணிபத்தில் அறிந்தவன் வாங்குபவன் என்பது மட்டுமே வேறுபாடு. அறிவைத் தேடிப் பெறுவதற்கு அவன் உழைத்தான், முதலிட்டான், பல கற்களை வெடிக்கவும் விட்டான். ஆகவே அவ்வறிவின் பயன் அவனுக்குரியது என்று வாதிடலாம், அவ்வாதம் வலிமையுடையதே. ஆயினும் குழியிற் கிடைக்கும் கல்லின் விலை பங்குமுறையிற் பிரிக்கப்படுகிறது. நிலத்துக்குடையவன், முதலிட்டவன், நீரிறைக்கும் பொறிக்குரியவன் ஆகியோருக்குப் பிறகே இடுப்பளவு சேற்றில் நின்று சரளை வாரியவனுக்கும் ஒரு பங்கு. கெவுடாவின் தாழ்ந்த விலையால் அவனுடைய பங்கே முதலில் தேய்ந்தது. தாய்லாந்து வணிகனைக் குற்றஞ்சாட்டுவது எளிது. தன் மண்ணிற் கிடக்கும் பொருளின் இயல்பை ஆராயாத நாடும் அவ்வுழைப்பாளிக்குக் கடன்பட்டதே என்பது அவ்வளவு எளிதிற் சொல்லப்படுவதில்லை. தமிழிலே 'பொருள்' என்பதும் 'திரவியம்' என்பதும் பண்டத்தையும் செல்வத்தையும் ஒருங்கே குறிக்கின்றன. கெவுடா கிடந்த நாடு முதலாவதை வைத்திருந்தது, இரண்டாவதை வைத்திருக்கவில்லை.

இரும்பும் கல்லும், குறை பொருளிலன்றி நோக்கத்திலும் அறிவிலும் உள்ளது என்பதற்குச் சான்று. பொறுப்பு எங்கு உள்ளது என்னும் வினாவுக்கு வைக்கோலே சிறந்த சான்று.

இலங்கையின் முதலாவது கடதாசி ஆலை 1950களில் கிழக்கே வாழைச்சேனையில் அமைந்தது. இரண்டாவது, 1970களின் பிற்பகுதியில் எம்பிலிப்பிட்டியவில் எழுந்தது. இரண்டுக்கும் வைக்கோல் முக்கியமான மூலப்பொருள். காரணங்கள் நன்கு ஆராயப்பட்டவை: மரக்கூழை இறக்குமதி செய்ய அந்நியச் செலாவணி வேண்டும், காட்டை வெட்டவும் முடியாது, பெரும்போகமும் சிறுபோகமும் முடிந்தபின் வயல்களில் வைக்கோல் எரிக்கப்படுகிறது, 1980 முதல் பாடநூல்கள் மாணவர் அனைவருக்கும் இலவசமாக வழங்கப்பட்டதால் கடதாசித் தேவையும் பெருகிற்று. வீணாகும் ஒன்றைப் பயனாக்கும் திட்டமென்று அதனைப் போற்றியவர்கள் பொய் கூறவில்லை.

வைக்கோல் நாரின் சராசரி நீளம் 1 மில்லிமீற்றர் அளவினது. ஊசியிலை மரத்தின் நாரோ 3 மில்லிமீற்றர் வரையிலானது. நார் குறுகினால் கடதாசி எளிதிற் கிழியும்; ஆயினும் எழுதுதாளுக்கு அது போதும், வேண்டுமாயின் நீண்ட நார்க்கூழ் சிறிது கலக்கலாம். இக்குறையைப் பாடநூல்கள் விரிவாகப் பேசுகின்றன, ஏனெனில் அது கடதாசியில், வாங்குபவனின் கையில் தோன்றும் குறை. மற்றொரு குறை கடதாசியில் தோன்றுவதேயில்லை. அது சிலிக்கா.

மரத்தை எரித்தால் எஞ்சும் சாம்பல் பொதுவாக அதன் நிறையில் 1 சதவீதத்துக்கும் குறைவு. நெல் வைக்கோலிலோ சாம்பல் 15 சதவீதம் அளவில் இருக்கும். அதிற் பெரும்பகுதி சிலிக்கா. நெற்பயிர் அதை மண்ணிலிருந்து விரும்பி உறிஞ்சுகிறது. தாள் சாயாமல் நிமிர்ந்து நிற்பதும், கதிர் சுமந்து காற்றைத் தாங்குவதும், குலைநோயை ஓரளவு எதிர்ப்பதும் சிலிக்காவினாலாம். அருவி வெட்டுபவரின் கையைத் தாளின் விளிம்பு கீறுவதும் அதனாலேயே. பயிருக்கு அது எலும்பு.

கூழாக்கும்போது வைக்கோலை எரிசோடாக் கரைசலில் வேகவைப்பர். நாரைப் பிணைத்திருக்கும் இலிக்னின் கரைந்து பிரிகிறது; நார் கூழாகிறது; எஞ்சுவது கருந்திரவம். மரக்கூழ் ஆலைகளில் இக்கருந்திரவம் கழிவன்று, செல்வம். நீரை ஆவியாக்கி, செறிந்த திரவத்தைக் கொதிகலனில் எரித்தால் இலிக்னினின் வெப்பம் ஆலையை ஓட்டுகிறது. எஞ்சும் சோடியங் காபனேற்றைச் சுண்ணாம்போடு சேர்த்து எரிசோடாவாக மீட்கலாம். மரத்துக்கு ஏற்ற இச்சுழற்சி வைக்கோலிடம் தோற்றுவிடுகிறது. சிலிக்கா எரிசோடாவிற் கரைந்து திரவத்தைப் பாகாக்குகிறது; ஆவியாக்கியின் குழாய்களிற் கல்லாகப் படிகிறது; சுண்ணாம்போடு சேர்ந்து அதையும் மீளச் சுட முடியாதபடி கெடுக்கிறது. சிறிய ஆலைக்கு மீட்புக் கொதிகலனின் முதற் செலவே தாங்க முடியாதது. சிலிக்காவும் சேர்ந்துவிட்டால் அதை எண்ணிப் பார்ப்பவரே இல்லை. எனவே உலகின் பல நாடுகளில் வைக்கோல் ஆலைகளின் கருந்திரவம் அருகிலிருந்த நீரை நோக்கிச் சென்றது. சீனாவின் உவாய் ஆற்றுப் படுகையில் இத்தகைய சிறு ஆலைகள் பெருகி, ஆறு கறுத்து, 1996 இல் அரசு அவற்றுட் பலவற்றை மூடவேண்டியதாயிற்று. எம்பிலிப்பிட்டிய ஆலையின் கழிவுநீர் வளவைப் படுகையை மாசுபடுத்துகிறது என்னும் முறைப்பாடும் அவ்வாலை இயங்கிய காலத்தில் ஓயாது எழுந்தது. பின்னர் ஆலை நட்டத்தில் வீழ்ந்து நெடுங்காலம் மூடிக்கிடந்தது.

இத்தகைய ஆலைகளைப் பற்றிய தொழில்நுட்ப எழுத்துகளில் 'சிலிக்காச் சிக்கல்' என்னும் தொடர் அடிக்கடி வருகிறது. 'வைக்கோலிலுள்ள சிலிக்கா மீட்பைத் தடுக்கிறது' என்பது அவற்றின் வழக்கமான வாக்கியம். இலக்கணம் பயின்றவர் இதில் எழுவாயைத் தேடிப் பார்க்கட்டும். தடுப்பது சிலிக்கா; செய்பவன் எவனும் வாக்கியத்தில் இல்லை. வைக்கோல் தானே நடந்து ஆலைக்குள் வந்ததைப் போலவும், சிலிக்கா அங்கு வந்தபின் பிடிவாதம் பிடித்ததைப் போலவும் அவ்வாக்கியம் அமைந்துவிடுகிறது. வயலில் எலும்பாக நின்றது ஆலையிற் சிக்கலானது ஆலை அமைந்ததனாலே. அந்த நோக்கத்தை வகுத்தவர்கள் அதனால் வந்த சிக்கலுக்கும் உரியவர்கள். கருந்திரவத்துக்கு ஒரு வழி காணும்வரை வைக்கோலைத் தெரிந்தெடுத்தல் நிறைவுறவில்லை. பாதித் தெரிவே நிகழ்ந்தது. மற்றப் பாதியை ஆற்றங்கரையிற் குளித்தவர்களும் மீன்பிடித்தவர்களும் செய்து முடித்தனர்.

பொறியியற் கல்வியின் பழக்கமொன்று இதற்கு இடந்தருகிறது. மூலப்பொருளைத் தெரியும் பயிற்சியில் மாணவன் ஓர் அட்டவணை வரைகிறான்: வலிமை, அடர்த்தி, உருகுநிலை, விலை. ஒவ்வொரு நிரலும் அப்பொருள் பண்டமாகும்வரை அதைப் பின்தொடர்கிறது. பண்டமாகாத பகுதி எங்கு செல்கிறது என்பதற்கு நிரல் இல்லை. எம்பிலிப்பிட்டியவின் வைக்கோலில் நாராகி வெளிவந்தது ஏறக்குறையப் பாதி. மற்றப் பாதியைப் பற்றி அட்டவணை பேசாது. அறிவு இல்லாமையினால் விளைந்ததன்று இம்மௌனம். சிலிக்காவைப் பற்றி இரசாயனவியலாளர் நன்கறிந்திருந்தனர். நெல்லுமியை 700 பாகைக்கு மேற்போகாமல் எரித்தாற் கிடைக்கும் சாம்பலின் சிலிக்கா சீமெந்தோடு சேர்ந்து கொங்கிறீற்றை வலுப்படுத்துகிறது என்பதும் இன்று பாடநூற் செய்தி. கடதாசிக்குப் பகையானது கட்டடத்துக்கு நண்பன்.

இதற்கு வலிமையான ஆட்சேபம் ஒன்றுண்டு. விளைவு அனைத்தையும் முன்னறிந்த பின்னரே பொறியியலாளன் ஒன்றைத் தெரியவேண்டும் என்றால் உலகில் எதுவும் செய்யப்பட மாட்டாது. சமனல வாவி அணையே இதற்கு உதாரணம். 1990களின் தொடக்கத்தில் நீர் நிரப்பியபோது வலது கரையின் பாறையூடாகக் கசிவு தோன்றிற்று. 1992 இல் அது வெடித்துப் பெருகிற்று. பின்னர் 1998 இல் நீர்த்தேக்கத்தின் அடியில் மண்ணைப் பரப்பி அடைக்க முயன்றும் கசிவு நிற்கவில்லை. நிலத்தின் உள்ளிருக்கும் ஒவ்வொரு பிளவையும் எவர்தாம் முன்னறிவர்? அதிலும் ஒரு விந்தை: கசிந்த நீர் கீழேயுள்ள கல்தொட்டை வயல்களுக்குப் பாய்கிறது. மின்சாரப் பொறியியலாளருக்கு இழப்பானது உழவருக்குப் பாசனம்.

ஆட்சேபம் ஏற்கத்தக்கதே, ஆனால் அது நிறுவுவது வேறு. முன்னறிதல் எல்லையுடையது, பொறுப்பு அறிதலோடு முடிந்துவிடுவதில்லை. பாறையின் பிளவை அறியாதது குற்றமன்று. கசிவு தோன்றியபின் அதை அளப்பதும், ஊரார்க்கு அறிவிப்பதும், ஆண்டுதோறும் கண்காணிப்பதும் கடன். கல்தொட்டை உழவருக்குக் கிடைத்த நீர் நல்வினைப்பயன் எனலாம். அதனைத் திட்டத்தின் அறமென்று கணக்கெழுத முடியாது. கருந்திரவமோ அறியப்படாத பிளவு அன்று. சோடாவும் வைக்கோலும் வாங்கிய நாளிலேயே அதன் அளவைக் கணித்திருக்கலாம்.

பொருளைப் பற்றிய இப்பேச்சு மனிதரைப் பற்றிய பேச்சாகும் இடமொன்று சப்பிரகமுவவில் உண்டு. எம்பிலிப்பிட்டியவுக்கு வடக்கே மலையேறினால் இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் தொடங்குகின்றன. தோட்டத் தொழிற்சாலையில் இறப்பர்ப் பாலை அமிலத்தால் உறையச் செய்து, தகடாக அழுத்தி, புகையூட்டி உலர்த்துவர். பின்னர் ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் குமிழும் அழுக்கும் பார்த்து 1 முதல் 5 வரை தரம் பிரிப்பர். தகட்டுக்குத் தனக்கென ஒரு நோக்கம் இல்லை; ஆகவே வாங்குபவனின் நோக்கத்தைக் கொண்டு அதன் குறையைத் தீர்மானிப்பதில் அநீதியில்லை. ஐந்தாந் தரத் தகடு வருந்துவதில்லை.

அதே தோட்டத்திற் செக்றோலில் எழுதப்படும் ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். நிறுத்த கொழுந்து குறித்த அளவுக்குக் குறைந்தால் அந்நாள் 'அரைப் பேர்' ஆகும். மனிதனின் முழுமைக்கு அடையாளமான பெயர் என்னும் சொல்லே தராசின் முள்ளோடு பாதியாவது தோட்டத் தமிழின் வரலாறு தந்த வழக்கு. 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 975,000 மக்களைக் கணக்கிட்டு, 525,000 பேரை ஒரு நாட்டுக்கும் 300,000 பேரை மற்ற நாட்டுக்கும் வகுத்து, 150,000 பேரைப் பின்னர் தீர்மானிப்பதற்கென மிச்சம் வைத்தபோதும், தரம் பிரிக்கும் அறையின் கணக்கே அங்கும் நடந்தது. பங்கிடப்பட்டவர்களிடம் எந்த நாடு வேண்டும் என்று உடன்படிக்கை எழுதியவர்கள் முதலிற் கேட்கவில்லை. மனிதனை ஒருபோதும் வெறுங் கருவியாக மாத்திரம் நடத்தலாகாது என்று காந்து 1785 இல் எழுதியதன் கருத்தும் இதுவே: கருவிக்கு நோக்கத்தைப் பிறர் தருகிறார், மனிதன் தன் நோக்கத்தைத் தானே கொண்டிருக்கிறான். ஆகையால் பிறருடைய நோக்கத்துக்கு அவன் போதாமற் போவதை அவனுடைய குறை என்று கூறுவதற்கு இடமேயில்லை.

நிறை குறைந்ததற்குக் காரணமும் பெரும்பாலும் அவனிடத்திலோ அவளிடத்திலோ இருப்பதில்லை. முதிர்ந்த விதைத்தேயிலை மலையிற் கொழுந்து பறிப்பவருக்கும், புதிய வீ.பீ. தேயிலை மலையிற் பறிப்பவருக்கும் செடி தருவது ஒன்றன்று. வறட்சித் திங்களில் துளிர் எழாது; மழை நாளில் இறப்பர் மரத்தின் பால் வெட்டுவாயிலிருந்து வழிந்து கரைந்துபோகும். செடியின் வயது, மண்ணின் இளைப்பு, மறுநடுகையைத் தள்ளிப்போட்ட நிர்வாகத்தின் முடிவு ஆகியவற்றையெல்லாம் பொறியியலாளன் தன் தொழிற்சாலையிற் பொருளின் வரலாறு என்று பதிந்துவைப்பான். தகடு கெட்டால் எந்த நாளில் எந்த அமிலம் எவ்வளவு சேர்ந்தது என்று தேடுவான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் அத்தேடல் நிகழ்வதில்லை. நாடற்றவராக எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிற்று. அரைப் பேர் எழுதும் வழக்கம் அதன் பின்னரும் தோட்டங்களிலே தொடர்ந்தது.